பின்னால் ஏறும் எடை

பிரபு,

நீ அனுப்பிய வீடியோவை நானும் பார்த்தேன், உன் அப்பாவும் பார்த்தார். திருப்பத்தூரில் உன் மாமனார் வீட்டுச் சொந்தங்களுக்கு உன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தோம். ஓசூரில் உன் ரூமுக்குக் கீழே அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, டாங்குக்குப் புது பெயின்ட், சக்கரமெல்லாம் பளபளவென்று. அதன்மேல் திவ்யா உட்கார்ந்திருக்கிறாள். நீ பக்கத்தில் நின்று ஆக்சிலேட்டரைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறாய். ரிசப்ஷன் அன்று மண்டபத்துக்கு அவள்தான் வண்டி ஓட்டி வரப்போகிறாள், மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து வருவான், போட்டோகிராபரிடம் பேசியாகிவிட்டது என்கிறாய். பெண் ஓட்டி வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதற்கப்புறம்தான் அப்பாவிடம் கேட்டாய், பரணில் அவருடைய பழைய வண்டிச் சிலிண்டர் இருக்கிறதாமே, அதைக் கொடுங்கள், இந்த வண்டிக்கு அதைத்தான் போடவேண்டும் என்று. கேட்டுவிட்டு திவ்யா பக்கம் திரும்பினாய். "கீழ ஒண்ணும் இருக்காது திவ்யா. இழுக்கலனா நல்லா முறுக்கு. அப்புறம் பாரு." அவள் சிரித்தாள். உன் அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார்.

நீ சொன்ன அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் என்னை எங்கே பேச விடுகிறாய்? பாதியிலேயே 'சரிம்மா, சரிம்மா' என்று முடித்துவிடுவாய். எழுத்தில் நீ குறுக்கே வர முடியாது. இதை நீ ஒருத்தன் மட்டும் படிப்பதற்காகவும் எழுதவில்லை. திவ்யா படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஆலங்காயம் மலைப்பக்கம் கிளம்பும் உன் தோஸ்துகள் படிக்கட்டும். வண்டி தெரிந்தவன், தெரியாத இன்னொருவரை ஏற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறானே, அந்த மாதிரி ஆட்கள் எல்லாருமே படிக்கட்டும். யார் வீட்டில் யார் படித்தால் எனக்கென்ன, இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை.

சேகர் மாமாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் தம்பி, தோல் மண்டியில் வேலை பார்த்தான், ஒரு பக்ரீத் அன்று தோல் ஏற்றிப் போகும்போது வண்டி கவிழ்ந்து செத்துப்போனான். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த வண்டி என்று நீ கேட்டதில்லை, நாங்களாகச் சொல்லவும் இல்லை. போன வருஷம் உன் பெரியப்பா மகள் கல்யாணத்தில் அப்பாவின் பழைய சிநேகிதர்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, உங்கப்பன் வண்டி ஒன்று வைத்திருந்தான், சுத்துப்பட்டில் அந்தச் சத்தம் தெரியாத ஆள் கிடையாது, அவன் கை வைத்த சிலிண்டர் மாதிரி வராது என்று அளந்தார்களே, அவர்களும் சொல்லவில்லை. கதையில் நல்ல பாகம் வரைக்கும் சொல்லிவிட்டுப் பந்திக்கு எழுந்து போய்விட்டார்கள். நான் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்றும் பார்த்தேன். அப்பாவை அப்படிப் பெருமையாக நீ பார்த்ததே இல்லை. அதனால்தான் நானும் வாயைத் திறக்கவில்லை.

சேகருக்கு அப்போது உன் வயசுகூட இல்லை. கருப்பாக, ஒல்லியாக இருப்பான். பேச்சு ஜாஸ்தி. மண்டிக்குள் நுழைந்தாலே எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள், இவன் அந்த வாடையிலேயே உட்கார்ந்து சோறு சாப்பிடுவான். உன்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பஜார் முழுக்கச் சுற்றுவான். குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கவேண்டும் என்று நான் கத்துவேன், அவன் காதில் வாங்கமாட்டான். வேலை இன்னதென்றால், வீடுகளிலும் கறிக்கடைகளிலும் பச்சைத் தோலை வாங்கி மொபெட்டில் கட்டி மண்டிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. அந்த மொபெட்டுக்குக் கியர் கிடையாது. எவ்வளவு பாரம் கட்டினாலும் முழுசாக முறுக்கினால் முனகிக்கொண்டே மேடு ஏறிவிடும். அவன் கைக்கு அது ஒன்றுதான் பழக்கம். பாரம் ஜாஸ்தியா, முழுசாக முறுக்கு. மேடா, முழுசாக முறுக்கு. மொபெட் அதற்குமேல் ஒன்றும் செய்யாது, அதனால் அந்தப் பழக்கத்தால் அவனுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.

உன் அப்பா அப்போது பைபாஸ் ஓரமாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். வீடு அதன் பின்பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வாணியம்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பையன்கள் வண்டி கொண்டுவருவார்கள், காலியாகக் கிடக்கும் ரோட்டில் பந்தயம் விடுவார்கள். போலீஸ் வந்தால் ஓடுவார்கள். அந்தப் பந்தயத்துக்காக அவர் தன் வண்டியைச் செய்து வைத்திருந்தார். அதில் வேறு எவனும் அவரை ஜெயித்ததில்லை. எனக்கும் அது பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். கடைக்குப் போனால், அந்த வண்டிக்காரர் சம்சாரமா என்று கேட்பார்கள், நானும் நிமிர்ந்துதான் நடப்பேன்.

பக்ரீத் வந்தது. அது நம் ஊரில் எப்படிப்பட்ட நாள் என்று உனக்குத் தெரியும். நமாஸ் முடிந்து, ஆடு அறுத்துக் குர்பானி கொடுத்து முடிந்து, பதினோரு மணிக்குள் தெருத்தெருவாகத் தோல் வந்து குவியும். மற்ற நாளில் ஒரு மாசத்தில் வருவது அன்று ஒரே பகலில் வரும். உரித்த தோலில் சீக்கிரம் உப்பு போட்டாகவேண்டும். வெயிலில் கிடந்தால் மயிர் கழன்று வந்துவிடும், அப்புறம் அது எதற்கும் ஆகாது. அதனால் அன்றைக்கு மண்டியில் வேலை செய்கிறவன் இந்துவோ கிறிஸ்தவனோ முஸ்லிமோ, யாராக இருந்தாலும் சாயங்காலம் வரைக்கும் நிற்க நேரம் கிடையாது. சேகர் காலையிலிருந்து நடை அடித்துக்கொண்டிருந்தான். மத்தியானம் மொபெட் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டே ஷெட்டுக்கு வந்தான். அதை அன்றைக்குள் சரிசெய்ய முடியாது. தெருவில் தோல் காய்கிறது, மண்டி பாய் ஆள்மேல் ஆள் விடுகிறார். ஷெட் ஓரத்தில் நின்ற பந்தய வண்டிமேல் அவன் கண் போனது. மாமா, இதைக் கொடுங்கள், ரெண்டு நடை அடித்துவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். உன் அப்பா அந்த வண்டியை யாருக்கும் கொடுக்கமாட்டார். மச்சான் கேட்கிறான் என்று சாவியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தேன். சேகர் ஷெட் முன்னாலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான். அவனுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியும், சிநேகிதர்கள் வண்டியை வாங்கி ஓட்டியிருக்கிறான். ஆனாலும் முகத்தைச் சுளித்தான். "இன்னா மாமா, இவ்ளோ பேரு வாங்கின வண்டி, இழுக்கவே மாட்டேங்குது?" உன் அப்பா வேறு ஒரு வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை. "கீழ ஒண்ணும் இருக்காது மச்சான். இழுக்கலனா நல்லா முறுக்கு. அப்புறம் பாரு."

சேகர் சிரித்தான். உன்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனான்.

பிரபு, நீ அந்த வார்த்தைகளை எங்கேயும் கேட்டிருக்க முடியாது. உனக்கு அப்போது பேச்சே சரியாக வராது. அதற்கப்புறம் உன் அப்பா அதைத் தன் வாயால் சொன்னதே இல்லை. அப்படியிருந்தும் நீ அதையே சொன்னாய், கூப்பிட்ட பேரைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. அந்த மாதிரி வண்டியைத் தெரிந்தவன் எவனாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வான் போல.

மண்டி பாலாற்றங்கரையில் இருந்தது. தெருவிலிருந்து கரைக்கு ஏறுவதற்கு ஒரு மண்மேடு உண்டு, பெரிய மேடு ஒன்றும் இல்லை. முதல் நடை கம்மி பாரம், போய் இறக்கிவிட்டான். இரண்டாவது நடையில், மிச்சம் கிடந்ததையெல்லாம் ஒரேயடியாகக் கட்டிக்கொண்டான். பச்சைத் தோல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கினவர்களுக்குத் தெரியும். ஈரமும் ரத்தமுமாக, சீட்டின் பின்பாதியிலும் அதற்குப் பின்னால் கேரியரிலும் கட்டித் தொங்கவிட்டிருந்தான். மண்டியில் உப்பு போடும் ராணி மேட்டின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "மேட்டுல வண்டி திணறிச்சிக்கா. சேகரு முறுக்கினே இருந்தான். திடீர்னு முன் சக்கரம் மேல எந்திரிச்சிச்சி. அவன் கைய விடவே இல்லக்கா."

மல்லாக்க விழுந்தவன்மேல் வண்டி விழுந்தது. தலை மேட்டின் ஓரத்துக் கல்லில் பட்டது. சேதி வந்து நான் ஓடினேன், மண்டி பாயின் காரில் போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நான் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். சட்டை முழுக்க ரத்தம், கையெல்லாம் ரத்தம், என் சேலையெல்லாம் ரத்தம். தோலிலிருந்து ஒழுகின ஆட்டு ரத்தம் எது, என் தம்பி ரத்தம் எது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே அழுத்திப் பிடிக்கவேண்டும் என்றும் தெரியவில்லை. பள்ளிகொண்டா தாண்டும்போது அவன் போய்விட்டான். அதுகூட எனக்கு உடனே தெரியவில்லை, பாய்தான் பார்த்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

பாரம் ஜாஸ்தி, அதனால் கவிழ்ந்தது என்று போலீஸ் எழுதிக்கொண்டார்கள். வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அதைவிட ஜாஸ்தி பாரத்தை அவன் அதே மேட்டில் மொபெட்டில் தினமும் ஏற்றியிருக்கிறான். எனக்கு அது மனசுக்குள் ஒத்தே வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் உன் அப்பாவை அடுப்படியில் உட்காரவைத்தேன். வண்டி கவிழ்ந்தது என்று என்னிடம் சொல்லக்கூடாது, ஏன் கவிழ்ந்தது என்று சொல்லவேண்டும், எனக்குப் புரிகிற வரைக்கும் சொல்லவேண்டும் என்றேன். அவர் எழுந்துபோய், நொறுங்கின வண்டியிலிருந்து அந்த சிலிண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். நீ காலேஜில் படம் போட்டுக் கற்றுக்கொண்ட பாடத்தை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது பாடம் இல்லை, என் தம்பி எப்படிச் செத்தான் என்பது.

உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். சுவரில் ஓட்டைகள். ஒன்று புகை வெளியே போக, மற்றவை புதுப் பெட்ரோல் காற்று உள்ளே வர. இந்த எஞ்சினில் வால்வு கிடையாது, பிஸ்டனே மேலும் கீழும் போகும்போது ஓட்டைகளை மூடித் திறக்கும். எல்லா ஓட்டையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும், அதனால் புகையோடு புதுப் பெட்ரோலும் வெளியே ஓடும். அப்படி ஓடினதைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்குத்தான் சைலன்சரின் வயிறு அப்படிப் பெருத்துச் சிறுக்கிறது. புகை வெளியே போகும்போது கிளம்புகிற அழுத்த அலை அதன் கடைசியில் முட்டித் திரும்பி வந்து, ஓட்டை மூடும் முன் பெட்ரோலை உள்ளே தள்ளிவிடும். ஆனால் அலை போய்வர ஆகிற நேரம் மாறாது. எஞ்சின் சுற்றும் வேகம் அந்த நேரத்தோடு ஒத்துப்போனால்தான் தள்ளு சரியாக விழும். உன்னைத் தூளியில் போட்டு ஆட்டிய கை என்பதால் எனக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. தூளி நம் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது தள்ளினால் நின்றுபோகும். வந்து திரும்புகிற நேரத்தில் விரலால் தொட்டாலே போதும், உயரப் போய்விடும்.

அந்த வேகத்துக்குக் கீழே எஞ்சின் இருமிக்கொண்டு கிடக்கும், 'கீழ ஒண்ணும் இருக்காது' என்றது அதைத்தான். அதைத் தொட்ட உடனே மொத்த பலமும் ஒரே அடியாக வரும். அதற்கும் மேலே போனால் அடங்கிவிடும். பலம் இருக்கிற அந்த நடு இடத்தைத்தான் நீ பவர் பேண்ட் என்று சொல்வாய். கம்பெனிக்காரன் அதைக் கீழிருந்தே தொடங்கி அகலமாக வைத்திருந்தான், மூட்டை ஏற்றுகிறவனும் ஓட்டவேண்டுமே என்று. உன் அப்பா புகை போகிற ஓட்டையின் மேல்விளிம்பை அரம் போட்டு உயர்த்தினார், நகக்கண் அளவுதான். சைலன்சரையும் அதற்கேற்ற மாதிரி வெட்டி வெல்டு வைத்தார். பலமெல்லாம் மேலே போய் ஒரு சின்ன இடத்தில் குவிந்துகொண்டது. பந்தயத்தில் கிளட்சை விட்டுப் பிடித்து, எஞ்சினை அந்த இடத்தைவிட்டு இறங்காமல் வைத்திருக்க அவருக்குத் தெரியும். சேகருக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது.

அப்புறம் மேட்டுக்கு வந்தார். பாரத்தோடு மேட்டில் எஞ்சின் அந்த இடத்துக்குக் கீழேயே திணறியிருக்கும். இவன் மொபெட் பழக்கத்தில் முழுசாக முறுக்கிப் பிடித்திருப்பான். மெதுவாக, மெதுவாக வேகம் ஏறி, அந்த இடத்தைத் தொட்டிருக்கும். பாரம் முழுக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிறது, மேடு வேறு, முன்சக்கரம் ஏற்கெனவே தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அதில் பலமெல்லாம் ஒன்றாக வந்து இறங்கினால் முன்பக்கம் எழும்பத்தான் செய்யும். எழும்பினால் ஆள் பின்னால் சரிவான். விழாமல் இருக்க ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பான். சரிகிற உடம்போடு மணிக்கட்டும் பின்னால் மடங்கும், ஆக்சிலேட்டர் இன்னும் முறுக்கிக்கொள்ளும். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவன் கையை விடாமல் பிடித்தான், அந்தப் பிடியே வண்டியை அவன்மேல் இழுத்துப்போட்டது. உன் அப்பா இதைச் சொல்லும்போது தன் வலதுகையை மடக்கிக் காட்டினார். காட்டிவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தக் கையை வெட்டவேண்டும் போல இருந்தது. இதைப் பெற்ற பிள்ளைக்கு எழுதக்கூடாதுதான், ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

அந்த மாசமே ஷெட்டை மூடிவிட்டு, ஒரு தோல் கம்பெனியில், தோல் பதப்படுத்தும் டிரம்களின் மோட்டார் பார்க்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். இன்றுவரை அதுதான். வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிட்டார், சிலிண்டரை மட்டும் போடவில்லை. எதற்கு வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் சண்டை போட்டேன். கடையில் போட்டால் எவனாவது எடுத்து இன்னொரு வண்டியில் மாட்டிவிடுவான் என்றார். அதற்காகத்தான் இத்தனை வருஷம் பரணில் கிடந்தது. கடைசியில் அதை எடுத்து மாட்டுகிறவன் நம் வீட்டிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறான், நல்லா இருக்கிறது போ!

இப்போது உன் கல்யாணத்துக்கு வா. மாலை எடுத்துக் கொடுக்க, முதல் சீர் வைக்க, தாய்மாமன் யார் என்று ஐயர் கேட்பார். என் சித்தப்பா மகனை நிற்கவைக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். அந்த இடம் காலியாக இருப்பதற்குக் காரணமான சாமானைத்தான் நீ வண்டியில் போட்டு அதே மண்டபத்துக்குள் கொண்டுவரப் போகிறேன் என்கிறாய். நம் மண்டபத்து வாசலை நினைத்துப் பார். ரோட்டிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஒரு சரிவு ஏறுகிறது. திவ்யா ஸ்கூட்டி ஓட்டிப் பழகின பெண். கியர் இல்லாத வண்டி, முறுக்கினால் போகும், அவ்வளவுதான் அவள் கைக்குத் தெரியும். பட்டுச்சேலை வேறு. நீயும் கம்மி எடை இல்லை, அவளுக்குப் பின்னால் உட்காரப் போகிறாய். சரிவில் வண்டி திணறும், மேளக்காரன் அடிப்பான், எல்லாரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், அவளுக்கு வெட்கமாக இருக்கும். நீ சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வரும். நல்லா முறுக்குவாள். அன்றைக்குத் தோல் இருந்த இடத்தில் இன்றைக்கு நீ இருப்பாய், சேகர் இருந்த இடத்தில் அவள் இருப்பாள்.

நான் ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்பாகம் தைக்கப் போன புதிதில், பக்கத்து மெஷினில் புதுப் பெண்ணை உட்காரவைத்து, மெதுவாக மிதி என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போய்விட்டார். அந்த மெஷினின் பெடல் கொஞ்ச தூரம் வரை ஒன்றும் செய்யாது, அதற்கப்புறம் ஒரேயடியாக ஓடும். ஊசி அவள் விரலுக்குள் இறங்கிவிட்டது. அவர் கெட்ட மனுஷன் இல்லை. அவர் காலுக்கு அது பழகிப்போனதால், அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நான் சீனியர் ஆன பிறகு, என்னிடம் வருகிற பெண்களை ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் மிதிக்கவைப்பேன். அந்தக் குதிப்பு எங்கே வருகிறது என்று அவள் காலுக்குத் தெரிகிற வரைக்கும் ஊசி கிடையாது. லைன் மெதுவாகப் போகிறது என்று திட்டு வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை. நீ திவ்யாவோடு குடித்தனம் செய்யப்போகிறாய். வண்டியை மட்டும் நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்த ஒன்றை அவள் கையில் கொடுக்கும்போது, என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் சொல்லாதே. செய்தால் என்ன வரும் என்றும் சொல். வந்தால் எப்படி விடுவது என்றும் சொல். உன் அப்பா அன்று எழுந்து உட்கார்ந்து, பாரத்தை முன்னால் தள்ளிக் கட்டு, மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ, தூக்கினால் கிளட்சைப் பிடி என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அவரை மன்னித்துவிட்டாயா என்று நீ கேட்கலாம். தெரியவில்லை. சோறு போடுகிறேன், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், அவர் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. பக்ரீத் அன்று மட்டும் அவரோடு பேசமாட்டேன், இன்றைக்கும் பேசமாட்டேன். அவரும் பேசமாட்டார்.

நேற்று வேலை முடிந்து வந்தால், முற்றத்தில் உட்கார்ந்து அந்த சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருக்கிறார். துரு எல்லாம் போய் உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. துடைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். கல்யாணப் பிள்ளை வாயைத் திறந்து கேட்டுவிட்டான், எப்படி இல்லை என்பது என்றார்.

"சேகரும் கேட்டுத்தான் வாங்கினு போனான்."

துணியைக் கீழே வைத்தார். "நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது" என்றார்.

"எல்லாத்தையும் நான் எழுதிடறேன். ஆனா அன்னைக்கு நீங்க சொன்னீங்களே ஒரு வார்த்தை, அத்த உங்க வாயாலதான் அவங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லணும்."

இன்று காலை என்னிடம் ஓசூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வருவார். கட்டைப் பையில் சிலிண்டர் இருக்கும், பார்த்ததும் பிடுங்கிக்கொண்டு ஓடாதே. உட்காரவைத்துக் காபி கொடு. திவ்யாவையும் வரச்சொல், அவள் இல்லாமல் ஆரம்பிக்காதே. சேகர் மாமா கிளம்பும்போது என்ன சொன்னீங்கப்பா என்று நீதான் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. அவருக்கு நேரம் ஆகும், அழுதாலும் தடுக்காதே, போதும்ப்பா என்று சொல்லிவிடாதே. அதை முழுசாக அவர் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் சிலிண்டரை திவ்யா கையில் கொடுத்து, விரலை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல். உனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல், நான் எழுதினதையும் சொல். அதை வண்டியில் போடலாமா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காதே. ஓட்டப்போகிறவள் அவள். சேகரிடம் அப்படி யாரும் கேட்கவில்லை.

அம்மா